பக்கத்து வீடு எந்த மாடியில?

நான் அரிசி வாங்கப் போனப்ப என் வீடு நாலாவது மாடியில இருந்துச்சு. திரும்பி வந்தப்ப இல்ல.

லிஃப்ட்ட விட்டு இறங்கி, ரெண்டு கையிலயும் பையோட, வழக்கம் போல இடது பக்கம் திரும்பிக் கடைசிக் கதவு முன்னாடி நின்னேன். என் வீட்டுக் கதவுல பூட்டு தொங்கும். இங்க பூட்டே இல்ல. வாசல்ல பெரிய ஷூ ஸ்டாண்டும் ரெண்டு பூந்தொட்டியும் இருந்துச்சு. ஐயோ, இன்னிக்குத் தேர் நாளாச்சேன்னு அப்பதான் உறைச்சுது.

தேர் நாள்னு நாங்க வெச்ச பேரு. நிர்வாகம் வெச்ச பேரு சமநிலை நாள். மாசத்துல ஒரு வியாழக்கிழமை, எல்லாரும் வேலைக்குக் கிளம்பினப்புறம், எங்க ஒருமை மாடத்துல இருக்கிற வீடெல்லாம் இடம் மாறும். ஒவ்வொரு வீடும் தனித்தனிப் பெட்டி. கட்டடம்னு வெளியிலேர்ந்து பாக்கறது வெறும் இரும்புச் சட்டம்தான். பெட்டிங்க அதுக்குள்ள மேல ஏறும், கீழ இறங்கும், பக்கவாட்டுல நகரும். உள்ள இருக்கறவங்களுக்கு அசையறதே தெரியாது. டம்ளர் நெறைய காபி வெச்சா ஒரு சொட்டு சிந்தாது. ஆனா காலையில புளியமரம் தெரிஞ்ச சன்னல்ல மத்தியானம் கடல் தெரியும்.

என் பேரு தேசம்மா. மாவு தேசம்மான்னா பழைய கொடிமரம் கோட்டர்ஸ்ல எல்லாருக்கும் தெரியும். வீட்டுலயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விக்கிறவ. கோட்டர்ஸ் இடிஞ்சு விழற நிலைமைக்கு வந்ததும் அதத் தள்ளிட்டு இந்த மாடத்தக் கட்டினாங்க. பழைய ஆளுங்களுக்குப் பாதி வீடு, துட்டு குடுத்து வாங்கறவங்களுக்குப் பாதி வீடு. எங்களுக்குச் சும்மா குடுத்ததுதான், ஆனா பத்து வருசத்துக்கு விக்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. புடிக்குதோ புடிக்கலியோ இங்கதான் இருந்தாகணும்.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வரேன். லிஃப்ட் பக்கத்துல இருக்கிற திரையில கட்டை வெரல வெச்சேன். உங்கள் இல்லம் பதினோராவது மாடின்னு காட்டுச்சு. மேல ஓடினேன். பூட்டு தொங்கற கதவு இருந்துச்சு. பூட்டு இருக்கு, சாவி எங்க?

சாவிய நான் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிருந்தேன். பக்கத்து வீடுதான் இப்ப பக்கத்துல இல்லியே.

எங்க வீட்டுக்காரர் எத்திராஜுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போட்டாலும் எப்பவாவது வந்துடும். வந்து தெளிஞ்சதும் கொஞ்ச நேரத்துக்குத் தான் யாரு, எங்க இருக்கோம்னு தெரியாது. கால் போன போக்குல எழுந்து நடந்துடுவாரு. ஒரு தடவ ரயில் ரோட்டோரமா நின்னவர ஆளுங்க புடிச்சுட்டு வந்தாங்க. அதனால நான் வெளிய போனா வெளிப்பக்கம் பூட்டிட்டு, சாவிய நூரு வீட்டுல குடுத்துட்டுப் போவேன். நூர்ஜஹான் கோட்டர்ஸ்ல எனக்குப் பக்கத்து வீடு. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் செங்கல் சுவருதான். அவரு விழுந்தா சத்தம் கேட்டு நூரு ஓடி வருவா, ஒருக்களிச்சுப் படுக்க வெப்பா, எழுந்து உக்காந்ததும் டீ போட்டுக் குடுத்துட்டுப் போவா. நான் திரும்பி வந்து கேட்டா, "மாமா விழுந்தாரு, எழுந்துட்டாரு, சும்மா பொலம்பாத"ம்பா. அவ்ளோதான்.

இந்த மாடத்துல நூரு வீடு எங்கயோ வேற மாடியில. ஆனா அந்தப் பழக்கத்துலதான் அன்னிக்குப் பக்கத்து வீட்டு பிரபாகர் சார் கிட்ட சாவியக் குடுத்தேன். வீட்டுலேர்ந்தே கம்ப்யூட்டர்ல வேல பாக்கறவரு, துட்டு குடுத்து வாங்கினவரு. "எதுக்குங்க இது?"ன்னாரு. "சும்மா வெச்சுக்குங்க சார், பக்கத்து வீட்டக் கொஞ்சம் பாத்துக்குங்க"ன்னேன். தலைய ஆட்டினாரு. என்னா புரிஞ்சு ஆட்டினாருன்னு யாருக்குத் தெரியும்.

கதவத் தட்டினேன். பதில் இல்ல. உள்ள அவரு கெடக்குறாரா, தூங்குறாரான்னு தெரியல. பக்கத்துக் கதவத் தட்டினா யாரோ ஒரு அம்மா எட்டிப் பாத்து, "நாங்க இப்பதான் இந்தப் பக்கம் வந்தோம், எங்களுக்கு எதுவும் தெரியாது"ன்னாங்க. கீழ ஓடி வாட்ச்மேன் கிட்ட பிரபாகர் சார் வீடு எங்க வந்திருக்குன்னு கேட்டேன்.

"அவரா? ஆபீஸ் ரூம்ல உக்கார வெச்சிருக்கும்மா. யார் வீட்டுப் பூட்டையோ நோண்டிட்டு இருந்தாராம்."

போய்ப் பாத்தா பாவம், வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்காரு, கையில என் சாவி. "நீங்கதானேம்மா பக்கத்து வீட்டப் பாத்துக்கச் சொன்னீங்க? வீடு நகர்ந்து முடிஞ்சதும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்துச்சு. சாவி சேரவே மாட்டேங்குது. ஒரு பாட்டி வந்து திருடன்னு கத்திட்டாங்க." அவருக்குப் பக்கத்து வீடுன்னா பக்கத்துல இருக்கிற வீடு. அதுல அவரு தப்பு எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க.

நல்ல காலம், எங்க வீட்டுக்காரர் தூங்கிட்டுதான் இருந்தாரு. நான் பயந்த பயத்துல எனக்குத்தான் ரெண்டு நாள் ஜுரம்.

ஜுரம் விட்டதும் நேரா நிர்வாக ஆபீசுக்குப் போனேன். அங்க தாரிணின்னு ஒரு பொண்ணு. பேச்சுல மரியாதை உள்ள பொண்ணு, என் கிட்டதான் மாவு வாங்கும்.

"தாரிணிம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நூரு வீட்ட என் வீட்டோட சேத்து வெச்சுடு. ஏழாவது மாடியோ எழுபதாவது மாடியோ, எங்க வேணா தூக்கிட்டுப் போ. ரெண்டையும் சேத்துத் தூக்கு."

"அது என் கையில இல்லக்கா. மாடம்தான் முடிவு பண்ணும்."

"அதான் சீட்டுக் குலுக்கிப் போடுதே. இத்தன மாசத்துல ஒரு தடவையாவது பக்கத்துல விழுந்திருக்கணுமா இல்லியா?"

தாரிணி திரையப் பாத்துச்சு. அப்புறம் கதவச் சாத்திட்டு வந்து உக்காந்துச்சு.

"குலுக்கல் இல்லக்கா. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. உங்க வாசப்படியில ஒரு பட்டை ஓடுதே, அதுல யார் கால் வெச்சாலும் மாடத்துக்குத் தெரியும். யார் யார் வீட்டுக்கு வரப்போக இருக்காங்க, இந்தக் கட்டடத்து லைன்ல யார் யாருக்குப் போன் பண்றாங்க, எல்லாம் எண்ணும். என்ன பேசறீங்கன்னு கேக்காது. எத்தன தடவன்னு மட்டும் எண்ணும்."

"எண்ணிட்டு?"

"யார் ரொம்ப ஒட்டிக்கிறாங்களோ அவங்களத் தள்ளி வைக்கும். யாருக்குள்ள ஒட்டவே இல்லையோ அவங்களப் பக்கத்துல கொண்டு வரும்."

எனக்குப் புரியல. "ஒட்டிக்கிறவங்களப் பிரிக்கிறதுக்கா இம்மாம் இரும்பு?"

"இதுக்கு முன்னாடி கட்டின எடத்துல என்ன ஆச்சுன்னு தெரியுமாக்கா? அங்கயும் பாதிக்குப் பாதிதான். ரெண்டே வருசத்துல பழைய ஆளுங்க எல்லாம் ஒரு பக்கம், வாங்கினவங்க எல்லாம் ஒரு பக்கம்னு ஆயிடுச்சு. நடுவுல ஒரு கேட்டு போட்டாங்க. அப்புறம் லிஃப்ட் தனி, குழந்தைங்க விளையாடற எடம் தனி. அந்த மாதிரி இங்க ஆகக் கூடாதுன்னுதான் இது. அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் வளந்தவ நான்."

யோசன நல்ல யோசனதான், அத நான் இல்லேங்கல. பிரபாகர் சார் வீட்டுப் பையன் இப்ப எங்க ஆளுங்க பசங்களோடதான் கிரிக்கெட் ஆடுது. கோட்டர்ஸ்ல இருந்தப்ப நான் கடலப் பாக்கணும்னா பஸ் ஏறணும், இங்க வந்து சமையக்கட்டுலேர்ந்தே பாத்துட்டேன். ஆனா எங்க வீட்டுக்காரர் விழுந்தா கடல் வந்து தூக்குமா? நல்லதுன்னு சொல்லவும் முடியல, கெட்டதுன்னு சொல்லவும் முடியல. மண்ட காஞ்சு போச்சு.

"சுவத்துல தட்டினாலாவது கேக்குமாம்மா?"ன்னேன்.

"கேக்காதுக்கா. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சுவரு, நடுவுல காத்து. இந்த வீட்டுல இடி விழுந்தாலும் அடுத்த வீட்டுக்கு ஒரு சத்தம் போகாது. அத விளம்பரத்துலயே போட்டிருக்கோம்."

வெளிய வந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை நூரு தொழுகை நேரத்துக்கு அப்புறம் மார்க்கெட்டுக்குப் போவா. பஸ் ஸ்டாப்புல புடிச்சு எல்லாத்தையும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கல.

"அப்ப இன்னாக்கா, நம்ம ரெண்டு பேரும் டூ விட்டாத்தான் பக்கத்துல வெக்குமா?"

"அப்படித்தான் சொல்லுது."

"விட்டுருவோம்."

அவ அப்படித்தான். நான் நாலு நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டதுக்கு அவ நாலு வார்த்தையில முடிவு சொல்லிட்டா. அன்னிலேர்ந்து அவ வாசல நான் மிதிக்கல, என் வாசல அவ மிதிக்கல. போன் இல்ல. லிஃப்ட்டுல பாத்தா மொகத்தத் திருப்பிக்கணும். வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்புல மட்டும் பேச்சு. எந்த ஊருல குடியிருக்கிற கட்டடத்துக்குத் தெரியாம இப்படித் திருட்டுத்தனமா கூட்டாளியப் பாப்பாங்க? எங்களுக்கே சிரிப்பா இருக்கும்.

ரெண்டு தேர் ஓடுச்சு. நூரு வீடு ஒரு மாடி கிட்ட வந்துச்சு, அவ்ளோதான். பத்தாதுன்னு நூரு சொன்னா. "சும்மா இருந்தா சிநேகம் இல்லேன்னு மட்டும்தான் தெரியும். சண்டன்னு தெரியணும். புகார் குடுக்கணும்."

நடுக் கூடத்துல, மாவு வாங்க வந்தவங்க அத்தன பேர் எதுக்க, சண்ட போட்டோம், கையோட ஆபீசுல ஒருத்தர் மேல ஒருத்தர் சின்னப் புகாரும் குடுத்தோம். நான் அவள அடங்காப்பிடாரின்னேன். அவ இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, "புருசன் சீக்காளின்னு சொல்லிச் சொல்லியே ஊரையே வேல வாங்கற பொம்பள நீ. இருவது வருசம் உனுக்கு நான் கூலியில்லா ஆயா வேல பாத்தேன்"னா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை, "எங்கேர்ந்துடி புடிச்ச அந்த வார்த்தைய?"ன்னு கேட்டேன். "வாயில வந்துச்சுக்கா"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா அந்த வார்த்தைதான் காதுல சுத்துச்சு. அது நடிப்பா, நெசமா? இருவது வருசம் அவ செஞ்சது வேலையா, பாசமா? அதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்ல.

அந்த மாசத் தேர் ஓடி முடிஞ்சதும் கதவத் தெறந்தேன். பக்கத்துக் கதவுல நூரு வீட்டுப் பச்சத் திரை. அவளும் அதே நேரத்துக்குத் தெறந்தா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு, டக்குன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டுக் கதவச் சாத்திக்கிட்டோம். உள்ள வந்து கதவுல சாஞ்சுக்கிட்டு நான் அழுதேன். எங்க வீட்டுக்காரர், "இன்னாடி, நூரோட நெசமாவே சண்டையா?"ன்னாரு. அவருக்குச் சொன்னா நாலு பேர் கிட்ட சொல்லிடுவாருன்னு நான் சொல்லி வெக்கல.

வெளிய போறப்ப அவ கதவுக் கைப்பிடியில சாவிய மாட்டிட்டுப் போவேன். தட்ட மாட்டேன். திரும்பி வந்தா என் கைப்பிடியில தொங்கும். வாசல மிதிக்காம, ஒரு வார்த்த பேசாம நடந்துச்சு.

அப்புறம் ஒரு திங்கக்கிழமை. உளுந்து வாங்கிட்டு வந்தா என் வீட்டுக் கதவு தெறந்து கெடக்கு. எங்க வீட்டுக்காரர் தரையில, தலை நூரு மடியில. நெத்தியில ரத்தம். விழுறப்ப தலை கதவுல மோதியிருக்கு. சுவத்துல கேக்காட்டியும் கதவுல இடிச்சது நடையில போயிட்டிருந்த நூருக்குக் கேட்டிருக்கு.

"மூச்சு சீரா இருக்குக்கா. பயப்படாத"ன்னா. அவரு கண்ணு முழிச்சு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. யாருன்னு தெரியல. எழுந்து வாசலப் பாக்கப் போனாரு. நூரு கையப் புடிச்சு உக்கார வெச்சு, "மாமா, டீ குடிச்சுட்டுப் போலாம்"னா. கொழந்த மாதிரி உக்காந்தாரு.

டீ போட்டுக் குடுத்துட்டு அவ எழுந்தப்பதான் ரெண்டு பேருக்கும் நெனப்பு வந்துச்சு. குனிஞ்சு வாசப்படிப் பட்டையப் பாத்தோம். அடுத்த தேர் அந்த வியாழக்கிழமையே.

"மிதிச்சுட்டேனேக்கா"ன்னா.

மிதிச்சா மட்டுமா. ரொம்ப நேரம் உள்ள இருந்திருக்கா. மறுபடியும் எந்த மாடியில கொண்டு போய்ப் போடுமோ. அடுத்த தடவ அவரு விழுந்தா யாரு வருவா? எனக்கு அது ஒண்ணுதான் மண்டையில ஓடுச்சு. நூரு போனதும் நேரா ஆபீசுக்குப் போய், நூர்ஜஹான் என் வீட்டுக்குள்ள என்னக் கேக்காம நுழைஞ்சுட்டான்னு புகார் குடுத்தேன். அவகிட்ட முன்னாடியே சொல்ல வழியில்ல. போன் போட்டா எண்ணும், போய் நின்னா எண்ணும். வெள்ளிக்கிழமை சொல்லிக்கலாம், சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பான்னு நெனச்சேன்.

அன்னிக்குத் தாரிணி இல்ல, வேற யாரோ ஒரு தம்பி. எழுதி முடிச்சுட்டுச் சொன்னாரு, "அத்துமீறி நுழையறது பெரிய புகாரும்மா. இன்னொண்ணு வந்தா அவங்கள இந்த மாடத்துலேர்ந்தே மாத்திடுவாங்க."

திருப்பி வாங்கிக்க முடியுமான்னு கேட்டேன். முடியாதுன்னாரு.

மறுநாள் நூருவ ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. சாவி எப்படி வந்துச்சுன்னு கேட்டிருக்காங்க. அவ என்னா சொன்னாளோ. சாயங்காலம் என் கைப்பிடியில சாவி தொங்குச்சு. புதன்கிழமை அவ கைப்பிடியில மாட்டினேன், போன எடத்துக்குப் போயிட்டு வந்து பாத்தா அங்கயே தொங்குச்சு. தொட்டு எடுத்துட்டுத் திரும்ப மாட்டினாளா, தொடவே இல்லியா? எங்க வீட்டுக்காரரக் கேட்டா, "யாரும் வந்த மாதிரி தெரியலியே"ன்னாரு. வந்திருந்தாலும் அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல.

வியாழக்கிழமை தேர் ஓடுச்சு. எட்டாவது மாடி. கதவத் தெறந்தா பக்கத்துல பச்சத் திரை. என் புகார் வேல செஞ்சிருந்துச்சு. ஆனா அந்தக் கதவு தெறக்கல. வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்புல கால் கடுக்க நின்னேன். அவ வரல. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரல. லிஃப்ட்டுல ஒரு தடவ பாத்தேன். மொகத்தத் திருப்பிக்கிட்டா. முன்னாடி திருப்பிக்கறப்ப கன்னத்துல சிரிப்ப அடக்கிக்கறது தெரியும். இப்ப ஒண்ணும் தெரியல. நல்லா நடிக்கக் கத்துக்கிட்டாளா, நடிக்கறத விட்டுட்டாளா?

பக்கத்துல கொண்டு வரதுக்குத்தானே பொய் சொன்னேன். பக்கத்துலதான் இருக்கா. அப்ப எனக்கு இன்னா குறை? கேட்டா சொல்லத் தெரியல. சோறு எறங்கல. மாவுல ரெண்டு நாள் உப்பு போட மறந்துட்டேன், வாங்கினவங்க வந்து திட்டிட்டுப் போனாங்க.

அடுத்த தேருக்கு ரெண்டு நாள் முன்னாடி தாரிணி வீட்டுக்கே வந்துச்சு. உள்ள வரல, பட்டைக்கு வெளியிலயே நின்னுச்சு. மொகத்துல குழப்பம்.

"அக்கா, உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு."

"யாரு?"

"நூர்ஜஹான் அம்மா."

பழிக்குப் பழி வாங்கிட்டா, இருவது வருசம் இதோட போச்சுன்னு நெனச்சேன். "இன்னா சொல்லியிருக்கா?"

"விடியக்காலையில உங்க கிரைண்டர் சத்தத்துல தூங்கவே முடியலியாம். தெனம் கேக்குதாம்." தாரிணி என் சுவரையும் அவங்க சுவரையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. "எனக்கு ஒண்ணும் புரியலக்கா. நடுவுல காத்துதான் இருக்கு. நானே கருவி வெச்சுப் பாத்துட்டேன். ஒரு துளி சத்தம் போகல. எப்படிக் கேக்கும்?"

கோட்டர்ஸ்ல நூருக்குப் பொண்ணு பொறந்தப்ப, தொட்டில்ல போட்டு ஆட்டினா தூங்காது. நான் கிரைண்டரப் போட்டாத்தான் அந்த ஒத்தச் செங்கல் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஃபரீதா கண்ண மூடும். கரண்டு போன நாள்ல நூரு சுவத்துல தட்டி, "யக்கா, எப்பக்கா போடுவ? அவளும் தூங்கல, நானும் தூங்கல"ன்னு கத்துவா. இது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் கதவுல கைய வெச்சுக்கிட்டு நின்னேன். இப்பக் கூட அவ மனசுல இன்னா இருக்குன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. கோவம் போச்சா, கோவத்தோடயே பக்கத்துல இருக்க நெனைக்கிறாளா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா தேருக்கு முன்னாடி புகார் குடுத்தவ தள்ளிப் போக நெனைக்கல.

"பதில் எழுதணும்க்கா. சத்தம் போகாதுன்னு நிரூபிச்சுப் புகாரத் தள்ளுபடி பண்ணிடலாம்"னு தாரிணி சொல்லுச்சு.

"வேணாம்மா. அவ சொன்னது சரிதான்னு எழுதிக்கோ."

"எப்படிக்கா? கேக்கவே கேக்காதே."

"உனக்குக் கேக்காது. அவளுக்குக் கேக்கும்."

தாரிணி போனதும் சாவிய எடுத்துட்டுப் போய் அவ கைப்பிடியில மாட்டினேன். அன்னிக்கு அரைக்க ஒண்ணும் ஊற வெக்கல. திரும்பி வந்து, சும்மா ரெண்டு செம்பு தண்ணிய ஊத்திக் கிரைண்டரப் போட்டேன்.